சிற்றில் யாருக்குச் சொந்தம்?

ஒன்றரை வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தை வளரும் வீட்டில், பெரியவர்கள் நடத்தும் குடும்பத்தோடு கூடவே, சமையலறையையும் கடைத்தெருவையும் மருத்துவமனையையும் பேருந்தையும் தன் அளவுக்குச் சுருக்கிக்கொண்ட இன்னொரு குடும்பமும் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. குழந்தை உளவியலார் இதனைப் பாவனை விளையாட்டு என்பர். ஒரு பொருளை வேறொரு பொருளாகவும், ஒருவரை வேறொருவராகவும், இல்லாததை இருப்பதாகவும் வைத்துக்கொண்டு, அப்படி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற அறிவோடும் நடந்துகொள்வதே இதன் இலக்கணம். இந்த இலக்கணத்தின் கடைசிப் பகுதிதான் பெரியவர்களின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. தலையணையைத் தோளில் சாய்த்துத் தட்டித் தூங்கவைக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது தலையணை என்பது தெரியாது என்று நினைத்து ரசிப்பவர்களும், எந்நேரமும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறதே என்று கவலைப்படுபவர்களும், மெய்க்கும் கற்பனைக்கும் வேறுபாடு அறியாமை குழந்தையின் இயல்பு என்ற ஒரே அனுமானத்திலிருந்துதான் புறப்படுகின்றனர். கடந்த நூறு ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த அனுமானத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன; சங்கப் புலவர்களும் பிள்ளைத்தமிழ் பாடியவர்களும் குழந்தைகளைக் கவனித்து எழுதிவைத்தவற்றிலும் அந்தச் சாட்சியம் கிடைக்கிறது.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, தம் மூன்று குழந்தைகளையும் கைக்குழந்தைப் பருவம் தொட்டுக் கவனித்து எழுதிய குறிப்புகளைக் கொண்டு 1945இல் வெளியிட்ட நூலில், மூத்த மகள் ஜாக்லின் பதினைந்து மாதத்தில் செய்த ஒரு காரியத்தைப் பதிவுசெய்துள்ளார். விளிம்பில் குஞ்சம் வைத்த ஒரு துணி தன் தலையணையின் விளிம்பைப் போல இருக்கக் கண்ட அக்குழந்தை, அதன் மடிப்பொன்றைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை வாயில் வைத்து, ஒருக்களித்துப் படுத்து, கண்களை அவ்வப்போது மூடித் திறந்தது. கூடவே பலமாகச் சிரித்தது. உண்மையில் தூக்கம் வந்த குழந்தை சிரிப்பதில்லை, சிணுங்குகிறது. ஆகவே பேச்சே சரியாக வராத வயதில், தூங்குவது வேறு, தூங்குவதுபோல் செய்வது வேறு என்ற தெளிவு அதற்கு வந்துவிட்டிருந்தது. பாவனை முதலில் இவ்வாறு தன் உடம்பிலேயே தொடங்கி, பிறகு பொம்மைக்கு ஊட்டுவதாக மாறி, அதன்பின் குச்சி குதிரையாவதும் சோப்புப்பெட்டி கைப்பேசியாவதுமாக விரிவதை எந்த வீட்டிலும் காணலாம்.

வாழைப்பழத்தைத் தொலைபேசி என்று காதில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கு வாழைப்பழத்தைப் பற்றிய அறிவு ஏன் கெட்டுப்போவதில்லை என்ற கேள்வியை 1987இல் எழுப்பியவர் உளவியலறிஞர் ஆலன் லெஸ்லி. உலகில் எது எது என்ன என்று கற்றுக்கொண்டிருக்கும் வயதிலேயே பொருள்களுக்குப் பொய்ப்பெயர் சூட்டவும் தொடங்கினால் கற்றதெல்லாம் குழம்பிப்போக வேண்டும். அப்படிக் குழம்பாததற்குக் காரணம், பாவனைக்கான எண்ணங்களை மெய்யான அறிவிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கும் திறன் மனத்துக்கு இருப்பதே என்பது அவர் தந்த விளக்கம். அவர் நடத்திய ஒரு சோதனை இதைக் கண்முன் காட்டுகிறது. இரண்டு வெற்றுக் கோப்பைகளில் வெற்றுப் புட்டியிலிருந்து ‘தண்ணீர்’ ஊற்றுவதாகப் பாவனை செய்துவிட்டு, அவற்றுள் ஒன்றைக் கவிழ்த்து உதறி நிமிர்த்தி வைத்து, எது காலி என்று கேட்டால், இரண்டு வயதுக் குழந்தைகள் கவிழ்த்த கோப்பையைத்தான் காட்டுகின்றன. கண்ணுக்கு இரண்டுமே காலி. விளையாட்டின் கணக்கில் ஒன்றுதான் காலி. இரண்டு கணக்கையும் ஒன்றோடொன்று கலக்காமல் ஒரே நேரத்தில் நடத்தத் தெரிந்தவரைப் பேதை என்பது பொருந்தாது.

தமிழ் வீடுகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சொப்பில் தொடங்குகிறது. அம்பாசமுத்திரத்து மரக்கடைசல் சொப்புகளானாலும், திருவிழாக் கடையில் வாங்கிய மண்சட்டியானாலும், பனையோலைப் பெட்டியானாலும், அவை கிடைக்காத இடத்தில் கொட்டாங்குச்சியும் மருந்துப்புட்டி மூடியுமானாலும், அடுப்பு, பானை, அம்மி, குடம், முறம் என்று ஒரு சமையலறையின் தட்டுமுட்டுகள் அத்தனையும் விரலளவில் அங்கே இருக்கும். ஈரமண்ணை மூடியில் அழுத்திக் கவிழ்த்தால் இட்லி. செங்கல் பொடி மிளகாய்த்தூள். கிள்ளிப்போட்ட வேலியிலை கீரை. பரிமாறப்பட்டதைப் பெரியவர் வாயருகே கொண்டுபோய்ச் சப்புக்கொட்டி, காரம் தூக்கல் என்று குறை சொன்னால், குழந்தை பதறாமல் தண்ணீர் கொண்டுவந்து தரும், அதுவும் வெறுங்குவளைதான். ஆனால் அவர் அந்த மண் இட்லியை மெய்யாகவே கடிக்கப்போனால், ஐயோ, அது மண்ணு, என்று கையைத் தட்டிவிடுவதும் அதே குழந்தைதான். ஆய்வுக்கூடத்துக் கோப்பைச் சோதனை நிறுவியதை வாசலில் நடக்கும் இந்த விருந்தும் நிறுவிவிடுகிறது.

ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியைப் பாடிய அம்மூவனார் இத்தகைய குழந்தைமையின் இரண்டு காட்சிகளை மும்மூன்று அடிகளுக்குள் வைத்திருக்கிறார். பாலில்லாத தன் மார்பில், உண்ணத் தெரியாத பாவையை வைத்து ஊட்டுகிறாள் ஒரு சிறுமி. கரையில் தான் செய்த வண்டற்பாவையை, அதாவது ஈரமணலில் பிடித்த பொம்மையை, அலை கொண்டுபோய்விட்டதற்காகக் கடலைத் தூர்த்துவிடும் கோபத்தோடு மணலை அள்ளி வீசுகிறாள் இன்னொருத்தி. பாவை உண்ணாது என்பதைப் புலவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டே ஊட்டுவதையும் சொல்கிறார்; கேலியும் இல்லை, திருத்தலும் இல்லை. குழந்தை வளர்ப்பைப் பற்றி இன்று எழுதப்படும் பல புத்தகங்களில் இந்த நிதானத்தைக் காண்பது அரிது.

பாவனை என்றால் மனம்போன போக்கில் நடப்பது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. உண்மையில் அதைப்போலச் சட்டதிட்டம் மிக்க நடவடிக்கை அந்த வயதில் வேறில்லை. நகரப் பேருந்து ஓடும் எந்த ஊரிலும் காணக்கூடிய ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். சுவரோரம் வரிசையாகப் போட்ட நாற்காலிகளே பேருந்து; தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள்களே பயணச்சீட்டு; கழுத்தில் மாட்டிய அப்பாவின் பழைய பை, நடத்துநரின் தோல்பை. ஐந்து வயது நடத்துநர், “உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க” என்று காலியான கூடத்தைப் பார்த்து அதட்டுவார். தாத்தா பத்து ரூபாய் கொடுத்தால் மீதி தருவார். பாட்டியும் காசு கொடுக்கக் கையை நீட்டினால், “பாட்டி, உங்களுக்கு ஃப்ரீ, காசெல்லாம் வேணாம்” என்று மறுத்துவிட்டு, ஆனாலும் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும், கட்டணமில்லாவிட்டாலும் சீட்டு உண்டு என்பதும், யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராமலே அந்த நடத்துநருக்குத் தெரிந்திருக்கின்றன. நிறுத்தம் வருவதற்குள் தாத்தா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டால் அழுகைதான். ஓடும் பேருந்திலிருந்து இறங்கக்கூடாதல்லவா?

ரஷ்ய உளவியலறிஞர் லெவ் விகோத்ஸ்கி 1933இல் ஆற்றிய ஓர் உரையில், ஜேம்ஸ் சல்லி என்ற ஆங்கில அறிஞர் குறித்துவைத்திருந்த ஒரு விளையாட்டை எடுத்துப் பேசினார். உடன்பிறந்த இரண்டு சிறுமியர், ‘நாம் அக்கா தங்கை விளையாட்டு விளையாடலாம்’ என்று ஆரம்பித்து, விளையாட்டிலும் அக்கா தங்கையாகவே நடித்தனர். பார்ப்பவருக்கு இதில் பாவனையே இல்லையென்று தோன்றலாம். ஆனால் நாள் முழுவதும் அக்கா தங்கையாக வாழ்ந்தும் அந்த உறவைப் பற்றி நினைத்துப்பார்க்காத அவ்விருவரும், விளையாட்டு தொடங்கியதும் கைகோத்து நடக்கவும், ஒரேபோல் உடுத்தவும், நாம் மற்றவர்களைப் போல அல்ல என்று காட்டிக்கொள்ளவும் முற்பட்டனர். வாழ்க்கையில் புலப்படாமல் கிடந்த நியதி விளையாட்டில் எழுந்து வெளியே வந்தது என்பது விகோத்ஸ்கியின் வாதம். அம்மா வேடம் போடும் குழந்தை, தன் அம்மாவைக் காட்டிலும் கண்டிப்பாக இருப்பதன் காரணமும் இதுதான். வீட்டுப் பெரியவர்கள் தங்கள் குரலின் ஏற்ற இறக்கத்தை முதன்முதலாகக் கேட்க நேர்வதும், அது அவ்வளவு மகிழ்ச்சியளிக்காமல் போவதும் இந்த அரங்கில்தான்.

சட்டம் இருக்குமானால் அதை இயற்றும் அதிகாரமும் ஒருவரிடம் இருந்தாக வேண்டும். குழந்தையின் பாவனையைப் பற்றிக் குடும்பம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதன்மையான கேள்வி இந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே. தமிழ் மரபு இதை வெகு நுட்பமாகக் கையாண்டிருக்கிறது. சிற்றில் என்பது சிறுமியர் தெருமணலில் கட்டி விளையாடும் சிறு வீடு. அதைக் காலால் கலைத்துப் போகும் குறும்புக்காரச் சிறுவன் கலித்தொகையில் வருகிறான். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமியர் கண்ணனிடமே முறையிடுகின்றனர். பின்னர் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றாகவே அது நிலைபெற்றது. பாட்டுடைத் தலைவன் கடவுளாயினும் அரசனாயினும், அந்தப் பருவத்தின் பாடல்கள் அனைத்தும் மணல்வீடு கட்டியவர்களின் பக்கமிருந்தே பேசுகின்றன.

சிதைப்பது காலால் மட்டும் நிகழ்வதில்லை. யானைக்கு நீலநிறம் பூசும் குழந்தையிடம் யானை கறுப்பு என்பதும், கடை விளையாட்டில் புகுந்து ‘ஏழும் ஐந்தும் எத்தனை, சரியாகச் சொல்’ என்று கணக்குப் பாடம் எடுப்பதும், நன்றாக நடிக்கிறாளே என்று கைப்பேசியை நீட்டிப் படம்பிடித்து, ‘இன்னொரு தடவை செய்’ என்று கேட்பதும் அதே வேலையை மெதுவாகச் செய்கின்றன. இவற்றுள் கடைசியானது மிகவும் கெடுதலானது. பார்வையாளருக்காகச் செய்யத் தொடங்கியதும் குழந்தை தன் விளையாட்டின் தலைமையை இழந்து கூலிக்கு நடிப்பவராகிவிடுகிறது. பெரியவர் கூடவே உட்கார்ந்து விளையாடித்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை. குவாதமாலா, துருக்கி, இந்தியா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் நான்கு ஊர்களில் உளவியலறிஞர் பார்பரா ரோகாஃப் குழுவினர் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தையின் விளையாட்டுத் தோழராகத் தாய் அமர்வது எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான வழக்கமன்று என்பதைக் காட்டியது. அக்காவும் அண்ணனும் சித்தப்பா பிள்ளைகளும் பார்த்துக்கொண்ட வேலை அது. அவர்கள் இல்லாத இரண்டு படுக்கையறை வீட்டில் அந்த வேலை அம்மாவின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அலுவலகம் விட்டு வந்து, அடுப்பையும் பார்த்துக்கொண்டு, எட்டு மணிக்கு நோயாளியாகவும் படுத்து ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணிடம், இன்னும் உற்சாகமாக விளையாடு என்று அறிவுரை கூறுவது அநியாயம். நோயாளியாகப் படுத்தபடியே பத்து நிமிடம் கண்ணயர்ந்தாலும் மருத்துவர் குறைசொல்லப்போவதில்லை.

அதிகாரம் முற்றிலும் கைமாறிவிடும் இடம் ஒன்று உண்டு. அது பூச்சாண்டி. சாப்பிடாத குழந்தையைப் பிடித்துப்போக வரும் பூச்சாண்டி, மூன்று கண்ணன், சாக்குப் பைக்காரன், போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர் ஆகிய அனைவரும் பெரியவர்களின் படைப்புகள். அவர்களை வரவழைக்கும் உரிமையும் திருப்பி அனுப்பும் உரிமையும் குழந்தையிடம் இல்லை. தான் படைத்த புலியைக் கண்டு கத்திக்கொண்டு ஓடும் குழந்தை, விளையாட்டுப் போதுமென்று தோன்றியதும் புலியைப் பூனையாக்கிவிட முடியும். பூச்சாண்டியை அவ்வாறு மாற்ற முடியாது. ஏனெனில், அது பாவனை என்று யாரும் அறிவிக்கவில்லை, மெய் என்றே சொல்லப்பட்டது. உளவியலறிஞர் பால் ஹாரிஸ் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட நான்கு வயதும் ஆறு வயதுமான குழந்தைகளிடம், அதற்குள் ஒரு பூதம் இருப்பதாகவோ முயல் இருப்பதாகவோ கற்பனை செய்யச் சொன்னார்கள். பூதத்தைக் கற்பனை செய்த சிறு குழந்தைகள் சிலர், ஆய்வாளர் அறையைவிட்டு வெளியே போகக்கூடாது என்று பிடித்துக்கொண்டனர். தனியாக விடப்பட்டவர்களில் பலர் பெட்டியின் அருகே போய்ப் பார்த்தனர். இல்லையென்று தெரிந்தும் உடம்பு நடுங்குவது பெரியவர்களுக்கும் பேய்ப்படம் பார்த்த இரவில் நேர்வதுதான். தானே கற்பனை செய்த பூதத்துக்கே இப்படியென்றால், நம்பகமான ஒருவர் மெய்யென்று சொல்லும் பூச்சாண்டி இரவு விளக்கணைத்தபின் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரைப் பூச்சாண்டியாக்கியவர்கள் அடுத்த தடுப்பூசி நாளன்று அதன் பலனை மருத்துவமனை வராந்தாவில் அனுபவிக்கிறார்கள்.

சோறூட்டும் நேரத்துக்குப் பூச்சாண்டிதான் வழி என்பதும் இல்லை. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவம், குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பது. சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களும் அதில் நிலவின்மேல் ஏவப்படுகின்றன: நீயும் குழந்தையும் ஒப்பானவர்கள் என்று புகழ்ந்தும், உனக்குக் களங்கமும் தேய்வும் உண்டு, இவனுக்கு இல்லை என்று வேற்றுமை காட்டியும், வந்தால் இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்டியும், வராவிட்டால் விடமாட்டான் என்று மிரட்டியும் புலவர் பாடுவார். கவனிக்க வேண்டியது, மிரட்டப்படுவது நிலா. குழந்தை மிரட்டுபவரின் பக்கத்தில் நிற்கிறது. மொட்டைமாடியில் நிலாவைக் காட்டி ஊட்டும் தாயும், கதவிடுக்கில் பூச்சாண்டியைக் காட்டி ஊட்டும் தாயும் விரும்புவது இன்னும் ஒரு கவளம் உள்ளே போக வேண்டும் என்பதுதான் என்றாலும், குழந்தைக்கு அந்த இரண்டு கவளங்களும் ஒன்றல்ல.

கண்ணாடிக் குவளையை உடைத்தது யார் என்று கேட்டால், யாருக்கும் தெரியாத ஒரு தோழியின் பெயரைச் சொல்லும் குழந்தையிடம் வருவோம். கற்பனைத் தோழர் என்பது குழந்தை தானே படைத்து, பெயரிட்டு, சில மாதங்களோ ஆண்டுகளோ உடன் வைத்துக்கொள்ளும் துணை. உயிருள்ளதாக நடத்தப்படும் பொம்மையும் இதில் அடங்கும். அமெரிக்க உளவியலறிஞர் மார்ஜரி டெய்லரும் அவர் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏழு வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் இத்தகைய துணை இருந்த குழந்தைகள் ஏறத்தாழ 65 விழுக்காடு. பியாஜேயின் ஜாக்லினுக்கும் நான்கு வயது நிறையும் தறுவாயில் பறவை போன்ற ஓர் உயிர் துணையாக இருந்தது; அது அவளுக்கு ஆறுதல் சொன்னது, அறிவுரை கூறியது, பிறகு காணாமல் போனது. தமிழ் வீடுகளில் இது தெரியவந்தால் காத்துக்கருப்பு அண்டியிருக்குமோ என்று திருநீறு பூசும் கைகள் உண்டு. மருத்துவரின் கவனம் எதிர்த்திசையில் இருக்கிறது. பதினாறு மாதம் முதல் முப்பது மாதம் வரையான குழந்தைகளிடம் ஆட்டிசத்துக்கான அறிகுறிகளைத் தேடும் எம்-சாட் என்ற வினாப்பட்டியலில், பாவனையாக விளையாடுகிறதா, வெற்றுக்கோப்பையில் குடிப்பதுபோல் செய்கிறதா என்பதும் ஒரு வினா. அந்த ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆயினும் கேட்கப்படுவது பாவனை குறைவா என்பதே அன்றி மிகுதியா என்பதன்று. குவளையைப் பொறுத்தவரை, அந்தத் தோழியையும் கூட்டிக்கொண்டு வந்து இருவருமாகத் தள்ளி நில்லுங்கள், கண்ணாடி குத்தும், என்று சொல்லிப் பெருக்கிவிடுவது போதுமானது.

கற்பனையைப் போற்றுவோர் மறந்துவிடும் ஒரு மறுப்புக் குரலும் உண்டு; அது சென்னையிலும் ஒலித்தது. பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் 1939இல் அடையாறுக்கு வந்து, இரண்டாம் உலகப்போரின் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்த மரியா மாண்டிசோரி, பாவனை விளையாட்டை ஐயத்தோடு பார்த்தவர். சிறு குழந்தைக்கு வேண்டியது பொம்மைத் துடைப்பம் அன்று, அதன் கைக்கு அடங்கும் மெய்யான துடைப்பம் என்பது அவர் கல்விமுறையின் அடிப்படை. 2018இல் உளவியலறிஞர் ஏஞ்சலின் லில்லார்டு குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேலையைப் பாவனையாகச் செய்வதற்கும் மெய்யாகச் செய்வதற்கும் வாய்ப்பு இருந்தால் மெய்யானதையே விரும்புவதாகப் பெரும்பாலான குழந்தைகள் கூறினர். சப்பாத்தி தேய்க்கும் அம்மாவின் கையிலிருந்து குழவியைப் பிடுங்கும் குழந்தையைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கையில் மாவுருண்டை கிடைத்த ஐந்தாம் நிமிடத்தில் அது பாம்பாகிப் படமெடுத்து அம்மாவையே கொத்த வருவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதே லில்லார்டு 2013இல், பாவனை விளையாட்டால் அறிவு பெருகும், மொழித்திறன் கூடும் என்ற கூற்றுகளுக்கான சான்றுகளைத் தொகுத்துச் சீர்தூக்கி, அவற்றுள் பல எதிர்பார்த்த அளவுக்கு வலுவானவையல்ல என்று எழுதினார். கற்பனைத்திறனை வளர்க்கும் என்ற அட்டைப்பெட்டி வாசகத்தை நம்பி ஆயிரக்கணக்கில் செலவிடுவோருக்கு இது பயன்படும் செய்தி. பலன் நிறுவப்பட்டால்தான் விளையாட விடுவோம் என்பது வேறு வகையான கஞ்சத்தனம்.

உண்மையான தட்டுப்பாடு பொம்மைக்கன்று, நேரத்துக்கும் மண்ணுக்கும்தான். தெருவில் யாராவது வீடு கட்டக் கொட்டிய மணற்குவியல் அந்தத் தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் பொதுச்சொத்தாக இருந்தது. அடுக்ககத்தின் நான்காம் மாடியில் அத்தகைய குவியல் இல்லை, இருந்தாலும் காவலாளி விடமாட்டார். மூன்று வயது முதல் எட்டு வயது வரையான அடித்தளப் பருவத்துக்கென 2022இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம் விளையாட்டையே கற்பித்தலின் மையமாக வைத்தும், எல்கேஜி நோட்டில் வரிவரியாக எழுதி முடித்தால்தான் விளையாட்டு என்ற வழக்கம் பல வீடுகளில் நீங்கவில்லை. மிச்சமிருக்கும் மாலை நேரத்தைத் திரை எடுத்துக்கொள்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரம்பு கட்டியது. திரையில் ஓடும் கதையும் கற்பனைதான். ஆனால் அதற்குள் நாற்காலியை நகர்த்திப்போட முடியாது.

ஏழெட்டு வயதில் பாவனை மறைந்துவிடுவதாகப் பியாஜே முதலியோர் கருதினாலும், அது சில குழந்தைகளிடம் கதையாகவும் வரைபடமாகவும் நோட்டுப்புத்தகத்துக்குள் இறங்கிவிடுகிறது. தனக்கென அரசர், நகரம், சண்டை, செய்தித்தாள் ஆகியவற்றோடு ஆண்டுக்கணக்கில் நீளும் இத்தகைய கற்பனை நாட்டுக்குப் புகழ்பெற்ற சான்று பிராண்டே குடும்பத்தில் கிடைக்கிறது. 1826 ஜூனில், இங்கிலாந்தின் ஹாவொர்த் ஊர்ப் பாதிரியார் பாட்ரிக் பிராண்டே, மகன் பிரான்வெல்லுக்காக லீட்ஸ் நகரிலிருந்து ஒரு பெட்டி மரச் சிப்பாய்களை வாங்கிவந்தார். அவனும் சார்லட், எமிலி, ஆன் என்ற சகோதரியரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துப் பெயர் சூட்டினர். சார்லட்டின் சிப்பாய் வெலிங்டன் பிரபு, பிரான்வெல்லினுடையது நெப்போலியன். அந்தச் சிப்பாய்களின் கைக்கு ஏற்ற அளவில், அச்செழுத்தைப் போன்ற பொடி எழுத்தில், கையகலம்கூட இல்லாத புத்தகங்களை அவர்கள் எழுதித் தைத்தார்கள். உருப்பெருக்கி இல்லாமல் பெரியவர்களால் அவற்றை எளிதில் படிக்க முடியாது. தந்தை சிப்பாய்களை வாங்கித்தந்தார். அந்த நாட்டின் ஆட்சி முழுவதும் பிள்ளைகளிடமே இருந்தது. எமிலியும் ஆனும் பின்னர் பிரிந்து, ‘கோண்டல்’ என்ற தங்கள் தனி நாட்டை நிறுவிக்கொண்டனர். 1845இல் இருவரும் யார்க் நகருக்குச் சிறு பயணம் போனபோது, வழிநெடுக அந்நாட்டின் இளவரசர்களும் இளவரசியருமாக நடித்துக்கொண்டு போனதை எமிலி தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அப்போது எமிலிக்கு இருபத்தேழு வயது நிறைய ஒரு மாதம் இருந்தது, ஆனுக்கு இருபத்தைந்து. எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல் அதற்கு இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1847 டிசம்பரில் வெளிவந்தது.